யார் முதலிடம்? நாவலாசிரியர்களை வரிசைப்படுத்தப் பீடோங் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ் நாவல்கள் கொஞ்சம் படித்ததுமே யாருக்கும் ஓர் ஆசை வந்துவிடும். யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்று பட்டியல் போட வேண்டும். இலக்கியத்தில் என்ன பந்தயம் என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் பட்டியலின் பக்கம்தான். ஒருவரை மூன்றாமிடத்தில் வைத்துவிட்டால், ஏன் இரண்டாமிடம் தரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைத் தேடித்தான் மூடி வைத்த புத்தகத்தை மறுபடி திறக்கிறோம். 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லி நழுவ முடியாது.

பள்ளியில் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வின் தமிழ் இலக்கியப் பாடத்துக்காக ஒரு நாவலைப் படித்துவிட்டு அதோடு நின்றவர்கள், இப்போது மறுபடி தொடங்க நினைப்பவர்கள், இவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அதுவும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங், சுங்கை பட்டாணி, லுனாஸ் வட்டாரத்து ஆட்களை. இந்தப் பக்கத்துக்கு நாவல் புதிதில்லை. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், கே. பாலமுருகன் எல்லோரும் கெடாக்காரர்கள். ம. நவீன் லுனாஸ் மண்ணிலிருந்து வந்தவர். ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியம் 1942இல் இதே பீடோங்கில் பிறந்தவர். ஜெராய் மலையைப் பார்த்து வளர்ந்த நாவலாசிரியர்கள் இத்தனை பேர் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

முதலில் வேலி போடுங்கள்

'சமகாலம்' என்றால் எதிலிருந்து? இதை முடிவு செய்யாமல் உட்கார்ந்தால் பேச்சு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்குப் போய்விடும். மேடானும் பினாங்கும் வரும் அந்த நாவலை நம்மவர்கள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் அது 1972இல் வந்த புத்தகம். நான் வைத்திருக்கும் கோடு 1990. அந்த ஆண்டிலிருந்து வெளிவந்த நாவல்களை மட்டும் கணக்கில் எடுப்பேன். எழுத்தாளர் அதற்கு முன்பே எழுதத் தொடங்கியவராக இருக்கலாம், அது தடையில்லை. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது, எனவே அது வெளியே. 2012இல் வந்த 'அஞ்ஞாடி' உள்ளே. சங்கடமான விதிதான். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே விதி.

இரண்டாவது விதி, வரிசைப்படுத்துவது நாவலாசிரியரை. அவருடைய சிறுகதை, கட்டுரை, மேடைப்பேச்சு, முகநூல் சண்டை எதுவும் கணக்கில் வராது. கேட்கும்போது சுலபமாகத் தெரியும். ஜெயமோகன் விஷயத்தில் முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும். அவரை நமக்குப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பாதி நேரம் கட்டுரைகளால்தான்.

மூன்றாவது, ஆளுக்கு இரண்டு நாவலாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். ஒரே நாவலை வைத்து ஒருவரை எடை போட்டால் நாம் எடை போடுவது அந்த நாவலைத்தான். கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' 1981 என்பதால் வேலிக்கு வெளியே போய்விடுகிறது, 1993இல் வந்த 'இன் எ ஃபார் கண்ட்ரி' உள்ளே இருக்கிறது. அவரை மொழிபெயர்ப்பில் படிப்பவர்களும் மூல ஆங்கிலத்தில் படிப்பவர்களும் ஒரே பட்டியலில் சேர வேண்டாம். மொழிபெயர்ப்பில் படித்த எல்லோருக்கும் தனிப் பட்டியல் வையுங்கள். அங்கே எழுத்தாளரோடு மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்தே மதிப்பெண் வாங்குகிறார்.

ஏழு பேர் போதும்

புதிதாக வருபவர்கள் இருபது பெயரோடு தொடங்க வேண்டாம். ஏழு பேர், பதினான்கு நாவல். நான் பரிந்துரைக்கும் ஏழு இப்படி. சீ. முத்துசாமி ('மண்புழுக்கள்', 'மலைக்காடு'), கோ. புண்ணியவான் ('செலாஞ்சார் அம்பாட்', 'கையறு'), ம. நவீன் ('சிகண்டி', 'தாரா'), ஜெயமோகன் ('ஏழாம் உலகம்', 'காடு'), பெருமாள்முருகன் ('கூளமாதாரி', 'பூக்குழி'), இமையம் ('கோவேறு கழுதைகள்', 'செல்லாத பணம்'), சு. தமிழ்ச்செல்வி ('அளம்', 'கீதாரி').

நவீன் என்றதும் 'பேய்ச்சி' எங்கே என்று கேட்பீர்கள். 2019இல் வந்த அந்த நாவலை உள்துறை அமைச்சு 2020இல் தடை செய்துவிட்டது. அதனால் மற்ற இரண்டையும் போட்டிருக்கிறேன்.

எழுநூறு, ஆயிரம் பக்கப் புத்தகங்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். 'காவல் கோட்டம்', 'அஞ்ஞாடி', 'விஷ்ணுபுரம்' எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரிய புத்தகத்தை முடித்துவிட்ட களைப்பே அதன் மேல் ஒரு மரியாதையை உண்டாக்கிவிடும். இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆயிரம் பக்கம் படித்தவர் 'சுமார்' என்று சொல்வதே இல்லை. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014இல் தொடங்கி 2020இல் முடிந்த இருபத்தாறு நாவல் வரிசை. அதை யாராவது முழுக்கப் படித்திருந்தால் அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள், ஆனால் இந்தப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

புத்தகம் எப்படிக் கிடைக்கும்? தமிழ்நாட்டிலிருந்து ஆளாளுக்குத் தனித்தனியாக வரவழைத்தால் அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கட்டாக வரவழையுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி நடக்கும் நேரத்தில் யாராவது ஊருக்குப் போனால் அவரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். மலேசிய நாவல்களைப் பெரும்பாலும் எழுத்தாளரிடமோ இங்குள்ள பதிப்பகத்திடமோ கேட்டே வாங்கலாம்.

தோட்டம் தெரிந்த கண்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்திலோ அக்கம்பக்கத்திலோ வளர்ந்தவர்களுக்கும், பால்வெட்டுக்குப் போன அப்பா அம்மாவின் பிள்ளைகளுக்கும் ஒரு கூடுதல் அறிவு உண்டு. விடிவதற்கு முன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) பேர் படிப்பது, பால் வடியும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய கூலிக்கு என்ன ஆகும் என்ற பயம், கையை எவ்வளவு கழுவினாலும் போகாத ஒட்டுப்பால் நாற்றம், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற அம்மாவின் வேக நடை. இவை நாவலில் சரியாக வந்திருக்கிறதா என்று சென்னை விமர்சகரை விட நமக்கு நன்றாகத் தெரியும்.

இந்த அறிவு இரண்டு விதமாகக் காலை வாரும். ஒன்று, நம் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைப் பற்றி எழுதிவிட்டார் என்பதற்காகவே தலையில் தூக்கி வைப்பது. இன்னொன்று, தோளில் தூக்கும் காண்டா வாளியைத் தப்பாகப் பிடிக்க வைத்துவிட்டார் என்று முழு நாவலையும் தூக்கிப் போடுவது. விவரம் சரியாக இருப்பது அடிப்படைத் தகுதிதான். இடம் கொடுக்க அது மட்டும் போதாது.

நான் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பெரட்டு, மங்கு, கள்ளுக்கடை எல்லாவற்றையும் மனத்தால் எடுத்துவிடுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வந்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் பாத்திரம் அங்கேயும் வந்து உங்களோடு சண்டை போடுவாளா? அங்கேயும் அவளுக்கு ஒரு பிடிவாதம், ஒரு பொய், ஒரு ஆசை இருக்குமா? இருந்தால் அந்த எழுத்தாளர் மேலே போகிறார். இல்லையென்றால் நாம் படித்தது நல்ல ஆவணம். ஆவணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு வேறு அலமாரி என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ள ஜெயமோகனின் முதல் நாவலான 'ரப்பர்' நல்ல பயிற்சி. 1990இல் வந்தது. குமரி மாவட்டத்தில் ரப்பர் பயிர் ஒரு குடும்பத்தையும் ஒரு நிலத்தையும் என்ன செய்தது என்பதுதான் விஷயம். அங்கே கதை மரத்துக்குச் சொந்தக்காரர்களின் வீட்டிலிருந்து சொல்லப்படுகிறது. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் லயத்திலிருந்து பேசுகிறது. ஆங்கிலம் படிப்பவர்கள் டான் டுவான் எங்கின் 2012 நாவலான 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் அதில் பங்களாப் பக்கத்திலிருந்து தெரிகிறது. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால், தோட்டம் என்ற ஒரே இடம் யார் நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று புரியும். எழுத்தாளரை மதிப்பிட இதை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரே விஷயம், இரண்டு கை

வரிசைப்படுத்துவதில் முக்கால்வாசி வேலை நியாயமான ஜோடியைத் தேர்ந்தெடுப்பதுதான். காட்டைப் பற்றிய நாவலையும் ஆஸ்பத்திரியைப் பற்றிய நாவலையும் பக்கத்தில் வைத்தால் நாம் ஒப்பிடுவது விஷயத்தை, எழுத்தை அல்ல. விஷயம் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் கைத்திறன் தெரியும்.

'கூளமாதாரி'யையும் 'கீதாரி'யையும் எடுங்கள். ஒன்றில் ஆடு மேய்க்கும் அடிமைச் சிறுவர்கள், மற்றதில் கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்கள். இரண்டிலும் ஆடுதான், வெயில்தான், மேய்ச்சல்தான். பெருமாள்முருகன் பிள்ளைகளின் விளையாட்டை நீட்டிக்கொண்டே போவார். நமக்கு அவர்கள் அடிமைகள் என்பதே மறந்துபோகும் நேரத்தில் எஜமானின் குரல் கேட்கும். தமிழ்ச்செல்வி பெண்களின் உடம்பிலிருந்தும் உழைப்பிலிருந்தும் நகர்கிறார். எங்கே நீங்கள் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், எங்கே வைக்க முடியவில்லை என்று பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். பக்க எண் இல்லாத கருத்தை நான் நம்புவதில்லை.

அடுத்த ஜோடி 'பூக்குழி'யும் 'செல்லாத பணம்' நாவலும். பெற்றவர்களும் ஊரும் ஏற்காத கல்யாணம் இரண்டிலும் உண்டு, நெருப்பும் உண்டு. 'பூக்குழி'யில் சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன் வேற்றுச் சாதிப் பெண் சரோஜாவை ஊருக்குக் கூட்டி வருகிறான். வந்த நிமிடத்திலிருந்து ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போகும். 'செல்லாத பணம்' வேறு திசையில் போகிறது. நெருப்புப் பட்டாயிற்று. ரேவதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள், வெளியே குடும்பம் காத்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் பேச்சு, அழுகை, பழி, மறுபடி பேச்சு. அவள் கணவன் ரவி பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளை. கடல் கடந்து போனவர்களின் வழியில் வந்த நமக்கு அந்த இடம் வேறு மாதிரி உறைக்கும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஜோடியில் நான் இமையத்தை மேலே வைப்பேன். 'பூக்குழி' இறுக்கமான நாவல், முடிவு மனத்தை விட்டுப் போகாது. ஆனால் சரோஜாவின் எதிரிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். 'செல்லாத பண'த்தில் ரேவதியின் அப்பா நடேசன் தப்பு செய்தவரா, தப்பு செய்யப்பட்டவரா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. என்னோடு படிப்பவர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அழுகை அதிகம், ஐம்பது பக்கம் குறைத்திருக்கலாம் என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

மூன்றாவது பயிற்சி நம்முடையது. சயாம் மரண ரயில். ஜப்பானியர்கள் 1942, 1943இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர், திரும்பல' என்று சொல்ல ஒருவர் இருப்பார். இதைப் பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார், புண்ணியவான் 'கையறு' எழுதினார். மூன்றிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு படியுங்கள்: வரலாற்றுச் செய்தியை எழுத்தாளர் எங்கே வைக்கிறார்? பாத்திரத்தின் வாயில் திணித்தால் உடனே தெரிந்துவிடும். யாரும் வயிற்றுப்போக்கில் கிடக்கும்போது ஜப்பானின் போர்த் திட்டத்தை விளக்க மாட்டார்கள். ரெங்கசாமியிடம் ஆவணத்தின் பலம் அதிகம். நாவலின் பலம் யாரிடம் என்பதை நீங்கள் படித்து முடிவு செய்யுங்கள், நான் முந்திக்கொள்ளவில்லை.

இருபத்தொரு ஆட்டம்

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். எல்லோருக்கும் ஏழும் எட்டும் விழும், பட்டியல் வராது. அதற்குப் பதிலாகக் காற்பந்து லீக் மாதிரி ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரோடும் மோதவிடுங்கள். ஏழு பேர் என்றால் இருபத்தொரு ஆட்டம். சமநிலை கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கேள்வி ஒன்றுதான்: இந்த இருவரில் ஒருவருடைய அடுத்த நாவலைத்தான் வாங்க முடியும் என்றால் யாருடையதை வாங்குவேன்? ஜெயித்தவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு, பக்கத்தில் ஒரே வரியில் காரணம்.

ஆட்டம் முடிந்ததும் சிக்கல் ஒன்று தெரியலாம். ஜெயமோகன் நவீனை ஜெயித்திருப்பார், நவீன் முத்துசாமியை ஜெயித்திருப்பார், முத்துசாமி ஜெயமோகனை ஜெயித்திருப்பார். வட்டமாகச் சுற்றும். பதற வேண்டாம், அந்த மூன்று வரிக் காரணங்களைப் பாருங்கள். ஒரு இடத்தில் கற்பனையின் வீச்சுக்கும், ஒரு இடத்தில் துணிச்சலுக்கும், ஒரு இடத்தில் பேச்சுமொழிக்கும் ஓட்டு போட்டிருப்பீர்கள். மூன்றில் எது உங்களுக்குப் பெரிது என்று அப்போதுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். எனக்குப் பேச்சுமொழி. அதனால் என் பட்டியலில் முதலிடம் இமையம், இரண்டாமிடம் முத்துசாமி. ஜெயமோகன் மூன்றாவது. அது 'காடு' நாவலுக்காக இல்லை, 'ஏழாம் உலகம்' நாவலுக்காக. பிச்சைக்காரர்களை 'உருப்படி' என்று கணக்கு வைத்து வாங்கி விற்கும் அந்த உலகத்தில், அதே வியாபாரி தன் மகள்களுக்கு நல்ல அப்பாவாகவும் இருக்கிறான். அதைத் தாங்கிக்கொண்டு படிப்பது சாமானியம் இல்லை.

விருதை என்ன செய்வது?

படிக்க வேண்டியவற்றைத் தேட விருதுப் பட்டியல் உதவும். இடம் கொடுக்க உதவாது. சாகித்ய அகாதமி விருது இந்தியாவுக்குள்தான். இமையம் 2020ஆம் ஆண்டுக்கான விருதை 'செல்லாத பணம்' நாவலுக்காக வாங்கினார். முத்துசாமியோ புண்ணியவானோ எவ்வளவு எழுதினாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. நம் நாட்டின் தேசிய இலக்கியவாதி விருது 1981இலிருந்து இருக்கிறது, அது மலாய் மொழியில் எழுதுபவர்களுக்கு. ஆக, இங்கே தமிழில் எழுதுகிறவருக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் இலக்கிய விருது சீ. முத்துசாமிக்குக் கிடைத்தது இந்தப் பின்னணியில் பெரிய விஷயம். சர்வதேச புக்கர் பரிசுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தாக வேண்டும். 'பூக்குழி' 2023இல் அதன் நெடும்பட்டியலுக்குப் போனது அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பு இருந்ததால். மொழிபெயர்க்கப்படாத நாவலை அங்கே யாரும் நிராகரிக்கவில்லை, பார்க்கவே இல்லை.

சேர்ந்து உட்காரும்போது

தனியாகப் போட்ட பட்டியலை நாலு பேர் முன்னால் வைத்தால்தான் சூடு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை, யார் வீட்டு வாசலிலாவது, அல்லது சத்தம் குறைந்த ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில். ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் வாயைத் திறப்பதற்கு முன் எல்லோரும் பட்டியலைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். நம் ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முதலில் பேசிவிட்டால் கதை முடிந்தது. 'சார் சொல்றது சரிதான்' என்று எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள், அப்புறம் பட்டியலெல்லாம் ஒன்று போல இருக்கும். சாரைக் கடைசியில் பேச வையுங்கள். மரியாதையாகச் சொன்னால் அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். வயதில் சின்னவர், அதுவும் பெண்பிள்ளை, முதலில் பேசட்டும்.

இன்னொன்று, முடிந்த பட்டியலில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பட்டியலைக் குறை சொல்வதற்கு முன் படித்த பதினான்கு நாவலைப் பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. இந்த ஏழில் அவரைச் சேர்க்காமல் விட்டதற்காக என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஈப்போத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிரீத்தா சமரசனையும் ஆங்கிலப் பட்டியலில் மறக்க வேண்டாம்.

எட்டாவது ஆள் வந்தால்

ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒருவரைப் படிப்பீர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா', 'இச்சா' என்று வைத்துக்கொள்வோம். மறுபடி முதலிலிருந்து மோதவிட வேண்டாம். அவரை நேராக நடுவில் இருக்கும் நாலாமிடத்துக்காரரோடு மோதவிடுங்கள். ஜெயித்தால் இரண்டாமிடத்துக்காரரோடு, தோற்றால் ஆறாமிடத்துக்காரரோடு. அதன் முடிவைப் பார்த்து இன்னும் ஒரே ஓர் ஆட்டம். மூன்று ஆட்டத்தில் அவருக்குரிய இடம் வந்துவிடும். பழைய தாளைக் கிழித்துவிடாமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது 'போன வருஷம் நீங்களே இவரை அஞ்சாவதா வெச்சீங்களே அண்ணே' என்று மடக்கும்போது காரணம் சொல்ல அது வேண்டியிருக்கும்.